காதைப் பொத்தும் குழந்தை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஹாரன் அடித்ததும் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. உடனே "வளர்ப்பு சரியில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அது ஆட்டிசமாக இருக்கலாம். மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு அது, பிடிவாதம் அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, பேச்சு தாமதமாகிறது என்றால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கான பயிற்சிச் செலவு சம்பளத்தைக் கரைக்கும். பயிற்சி, பஸ் கட்டணம், மருந்து என்று நோட்டில் தனித்தனியே எழுதி, சம்பள நாளிலேயே எடுத்து வையுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

பேருந்தில் அலறும் அந்தக் குழந்தையின் தாய்க்கு இன்று ஜன்னலோர இருக்கையைக் கொடுங்கள். அதுவும் பெரிய உதவிதான்!