கோரக் கூத்துக்குப் பொதுப்பணமா?



நியூசீலாந்திலே, பத்திரிகை அலுவலகமொன்றில் படத்தகடு செய்யும் தொழிலாளியாயிருந்த பீற்றர் ஜாக்சன் என்னும் இளைஞர், 1983ஆம் ஆண்டு குறும்படமொன்றை எடுக்கத் தொடங்கினார். வேற்றுக்கிரகவாசிகள் மனித இறைச்சியைக் கடைச்சரக்காக்க வருகிறார்களாம்! நடிகர்கள் நண்பர்கள், படப்பிடிப்போ ஓய்வு நாட்களில். முகமூடிகள் வெந்தது தாயாரின் போறணையிலே! குரல்கள் யாவும் பின்னரே சேர்க்கப்பட்டன. குறும்படம் வளர்ந்து வளர்ந்து, நான்கு ஆண்டுகளில் 'பாட் டேஸ்ட்' என்னும் முழுநீளப் படமாயிற்று.

குருதி கொட்டும் அப்படத்தை முற்றாக விரும்பினேனென்று கூறமாட்டேன். ஆயினும் அதனை முடிக்க அந்நாட்டுத் திரைப்பட ஆணைக்குழு பொதுப்பணம் வழங்கிற்றே, அதுவன்றோ நம் கவனத்துக்குரியது! இக்கோரக் கூத்துக்கு உழவனின் வரிப்பணமா? கேட்கவேண்டிய கேள்விதான். 1978ஆம் ஆண்டுச் சட்டம், படத்தில் நியூசீலாந்துத் தன்மை கணிசமாக இருத்தல் வேண்டுமென்கிறது. கதைப்பொருளை மட்டுமன்றி, எடுத்த இடத்தையும் எடுத்தவர் எந்நாட்டவர் என்பதையும் நோக்கப் பணிக்கிறது. அந்தச் சோதனையில் வேற்றுக்கிரகவாசியும் தேறிவிடுகிறான்!

இன்னொன்று: வெறுங்கையோடு வந்தவருக்கன்று, எடுத்த பகுதிகளைக் காட்டியவருக்கே அப்பணம் சென்றது. நம் சங்க நிதியை நாடும் இளைஞரும் ஐந்து நிமிடப் படமேனும் கொண்டுவரட்டும். கைத்தொலைபேசியில் எடுத்தாலும் போதும். பார்த்தபின் பணத்தைப் பேசுவோம்.