சனிக்கு எதிர்நடை போடும் ஃபீபி



சனியைப் பற்றிப் பேசப்போகிறேன். பயப்படாதீர்கள், பரிகாரம் எதுவும் சொல்ல மாட்டேன்! சனிக்கு ஃபீபி என்று ஒரு குட்டி நிலா. குறுக்களவு 200 கிலோமீட்டர் சொச்சம். சனியை விட்டு ஒரு கோடியே முப்பது லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஒன்றரை வருடத்துக்கு ஒரு சுற்று. பெரிய நிலாக்களெல்லாம் ஒரு திசையில் போக, இவளோ எதிர்த்திசையில்! சனி வீட்டுப் பிள்ளை இல்லை இவள். எங்கோ சூரியனுக்கு வெகுதொலைவில் பிறந்து, போகிற வழியில் சனியிடம் மாட்டிக்கொண்டவள் என்கிறார்கள்.

கண்டுபிடித்தவர் யார்? புத்தகத்தைத் திறந்தால் 1899, வானியலாளர் வில்லியம் பிக்கரிங். சரி ஐயா, அவர் பார்த்தது எதை? போட்டோ எடுத்த கண்ணாடித் தகடுகளை! பெரு நாட்டு அரெக்கிப்பாவில், 1898 ஆகஸ்ட்டில், ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து அந்தத் தகடுகளை எடுத்தவர் டிலைல் ஸ்டீவர்ட். தொலைநோக்கி ஒரு நூல் பிசகினாலும் தகடு பாழ். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருப்பதைக் கண்டது பிக்கரிங்தான், மறுக்கவில்லை. போட்டோ வழியாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிலா அது. போட்டோ எடுத்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னும் கேளுங்கள். 1905-ல் அதே பிக்கரிங் சனிக்குப் பத்தாவது நிலா ஒன்றைக் கண்டேன் என்றார், தெமிஸ் என்று பெயரும் வைத்தார். பிரெஞ்சு அறிவியல் அகாதெமி இரண்டு நிலாவுக்கும் சேர்த்துப் பரிசு கொடுத்தது. அந்தத் தெமிஸை இன்றுவரை ஒருவரும் பார்க்கவில்லை. இல்லாத நிலாவுக்குப் பரிசு! ஏன் சிரிக்கிறீர்கள்? எழுதாத புத்தகத்துக்குப் பொன்னாடை வாங்கியவர்கள் நம்மூரில் இல்லையா? பெயர் சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருவில் சங்கம் நடத்துகிறார்கள்.

ஸ்டீவர்ட்டுக்கு வருகிறேன். அவர் தகட்டில் வெறும் புள்ளி. 2004 ஜூனில் காசினி விண்கலம் 2,000 கிலோமீட்டர் பக்கத்தில் போய்ப் பார்த்தால், உடம்பெல்லாம் பள்ளம்! 2009-ல் பார்த்தார்கள், அவள் உதிர்த்த தூசியே சனியைச் சுற்றி மாபெரும் வளையம். அந்தத் தூசியும் எதிர்த்திசையில்தான் வருகிறது. நேர்த்திசையில் போகிற இயாபிட்டஸ் என்ற இன்னொரு நிலா அதில் போய் முட்டுகிறது. அதன் முன்பக்கம் கரி பூசியதுபோல் கறுக்கத் தொடங்கியதே இப்படித்தான். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர்கள் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.