எலும்பில் சீழ்: ஸ்கேனுக்குப் போகும் முன் சீட்டைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர இயலாதவர்களுக்காக இங்கே எழுத்தில்.)



அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை வீரமாமுனிவர் குணப்படுத்தினார் என்பது நம் ஏலாக்குறிச்சியில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அரண்மனையில் இருந்தவருக்கே ஒரு கட்டி உயிர்ப் பயத்தைக் காட்டியிருக்கிறது. வயலில் வெறுங்காலோடு நடக்கும் நமக்குச் சீமைக்கருவேல முள் ஒன்று போதும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு முள் தைத்ததே தெரியாது. தெரியும்போது சீழ் எலும்பு வரை போயிருக்கலாம்.

ஸ்கேன் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், எலும்புக் கிருமிக்கு எடுக்கும் அணு மருத்துவ ஸ்கேன் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது.

முதலில், எப்போது சந்தேகப்பட வேண்டும்? இரண்டு வாரம் கட்டுப்போட்டும் புண் ஆறவில்லை. ஆறிய இடம் மறுபடி திறந்து சீழ் வருகிறது. புண்ணுக்குள் எலும்பு தெரிகிறது. கம்பியோ தகடோ வைத்த இடத்தில் வலியும் கசிவும் தொடர்கின்றன. இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். காய்ச்சலோடு குழந்தை காலை ஊன்ற மறுத்தால் அன்றைக்கே போக வேண்டும்.

டாக்டர் புண்ணைப் பார்ப்பார், ரத்தப் பரிசோதனை எழுதுவார், எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எலும்பின் தாதுச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அது தெரியும். அதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம்வரை ஆகும். பல நேரங்களில் அடுத்த பரிசோதனை எம்.ஆர்.ஐ.தான். பேஸ்மேக்கர் போன்ற காரணத்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதபோதும், உள்ளே இருக்கும் உலோகம் படத்தைக் கெடுக்கும்போதும், பல இடங்களில் கிருமி இருக்குமோ என்று பார்க்க வேண்டியபோதும் அணு மருத்துவ ஸ்கேன் உதவும்.

இதில் டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஒரு மருந்தோடு சேர்த்துக் கை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். எலும்பு எங்கே புதிதாக வேலை செய்கிறதோ அங்கே அது போய்ச் சேரும். காமா கேமரா அதைப் படம் பிடிக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இனிதான். கிருமிக்காக எடுக்கும்போது இந்த ஸ்கேனுக்கு மூன்று கட்டம். ஊசி போடும் அந்த நொடியிலேயே ரத்த ஓட்டத்தைப் பிடிப்பது முதல் கட்டம். சில நிமிடங்களில் எடுப்பது இரண்டாவது. சுமார் மூன்று மணி நேரம் கழித்து எலும்பை எடுப்பது மூன்றாவது. கிருமி சதையில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு கட்டத்தில்தான் பளிச்சென்று தெரியும். எலும்புக்குள் போயிருந்தால் மூன்றிலும் தெரியும்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பொதுவாக மூன்றாவது கட்டம் மட்டும் போதும். ஆகவே சீட்டில் வெறுமனே "போன் ஸ்கேன்" என்று இருந்தால், அதை மட்டும் எடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ஊசி போட்ட பிறகு முதல் கட்டத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. இன்னொரு நாள், இன்னொரு ஊசி, இன்னொரு பயணம். அதற்குள் ஒரு விரலோ பாதமோ கைவிட்டுப் போகலாம்.

எனவே சீட்டை வாங்கியதும் டாக்டரிடமே கேளுங்கள்: "ஐயா, எலும்பில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க என்று எழுதியிருக்கிறீர்களா?" எந்தக் கால், எந்த இடம், எத்தனை நாளாக, எப்போது அறுவை சிகிச்சை நடந்தது, உள்ளே கம்பி உண்டா, சர்க்கரை அளவு, சிறுநீரக நிலை, எந்த ஆன்டிபயாடிக் எப்போதிலிருந்து சாப்பிடுகிறார் என்பதெல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களையும் எடுத்துப் போங்கள். ஆன்டிபயாடிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஸ்கேனில் ஓர் இடம் பளிச்சிட்டாலே கிருமி என்று முடிவு கட்டவும் கூடாது. எலும்பு முறிவு, சமீபத்திய அறுவை சிகிச்சை, மூட்டுத் தேய்மானம் எல்லாமே பளிச்சிடும். அதனால்தான் பின்னணி தெரியாமல் படத்தைப் படிக்க முடிவதில்லை. தேவைப்பட்டால் உங்கள் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, கதிரியக்கம் ஏற்றி, மறுபடி உடலில் செலுத்திப் பார்ப்பார்கள். முதுகெலும்புக்கு அந்த முறை அவ்வளவாக உதவாது, அங்கே எம்.ஆர்.ஐ. அல்லது பெட் ஸ்கேன் கேட்பார்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. அதற்கு எலும்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துக் கல்ச்சர் செய்ய வேண்டும்.

கதிரியக்கம் என்றதும் பலருக்குப் பயம். டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதிலும் பெரும் பகுதி சிறுநீரில் போய்விடும். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவர்கள் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். அன்று ஒரு நாள் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளாமல் இருங்கள். சாதாரண எலும்பு ஸ்கேனுக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பெட் ஸ்கேனுக்குத்தான் வெறும் வயிறும் கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரையும் வேண்டும்.

பாதியாகக் குறையும் இதே குணத்தால் மருந்தை எடுத்து வைக்கவும் முடியாது. உங்கள் நேரத்துக்கென்று தயாரித்ததை நாளைக்குப் பயன்படுத்த முடியாது. போக முடியாவிட்டால் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

2022 ஜனவரியில் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. முதல் பரிசோதனைகளை அங்கே தொடங்கலாம். புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் அணு மருத்துவப் பிரிவு உண்டு. எங்கே போவது என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இந்தப் பரிசோதனை வருமா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். சர்க்கரை உள்ளவர்கள் இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லுங்கள். பாதத்தைத் தினமும் பார்க்கும் வீட்டில் இந்த ஸ்கேனுக்கு அநேகமாக வேலையே இருக்காது.