இடிப்பதற்கு முன் எழுத்தில் வர வேண்டியது

சென்னையின் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்துவிட்டு, அதே மனையில் புதிய அடுக்குமாடிகளை எழுப்பும் வேலைக்கு மறுகட்டுமானத் திட்டம் என்று பெயர். அந்தத் திட்டமே வேண்டாம் என்பவர் இந்த அவையில் இருக்க முடியாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட பிளாக் ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடும்பங்கள் சற்று முன்னதாக வெளியேறியிருந்ததால் உயிர்கள் தப்பின. கம்பி துருப்பிடித்து, கூரைக் காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழும் வீட்டில் இன்னும் பத்து வருடம் இருங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. இடிக்க வேண்டியதை இடிக்கத்தான் வேண்டும். இடித்த இடத்துக்கு யார் திரும்பி வருவார்கள், எப்போது, என்ன விலை கொடுத்து? இந்தக் கேள்விக்குத்தான் எந்த அறிவிப்புப் பலகையிலும் பதில் இல்லை.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே குடிசைப் பகுதிகளுக்கான தனிச் சட்டம் வந்தது. சென்னையில் 1,202 பகுதிகள் அந்தச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. பட்டியல் அதோடு நின்றுபோனது. நகரம் நிற்கவில்லை. பட்டியலுக்கு வெளியே வளர்ந்த பகுதிகள் பல ஆட்சேபணைக்குரிய ஆக்கிரமிப்பு ஆயின. ஆரம்ப காலத்தில் வாரியம், மக்கள் வாழ்ந்த இடத்திலேயே மூன்று மாடி கட்டிக் கொடுத்தது. வீடு சிறியதுதான், ஆனால் வேலை செய்யும் தெரு பக்கத்திலேயே இருந்தது. 2000க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்புக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு வேலை மயிலாப்பூரில், வீடு பெரும்பாக்கத்தில். விடியற்காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய கூலி போனது. 2021இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப் பெயர் வைக்கப்பட்டது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த வரலாறு தெரிந்தவர்கள், சாமான்களைக் கட்டு என்றவுடன் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்துக்கு அரசு தரும் மருந்து, இடைக்காலத்துக்கான கருணைத் தொகை. 8,000 ரூபாயாக இருந்தது 24,000 ஆக உயர்த்தப்பட்டது. மும்மடங்கு என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. கட்டுமானம் 18 மாதத்தில் முடியும் என்றே வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு 1,333 ரூபாய். சென்னைக்குள் அந்த வாடகைக்குக் குளியலறை கூடக் கிடைக்காது. அட்வான்ஸ் தனி, பள்ளி மாற்றும் செலவு தனி. வேலை இழுத்தால், இழுத்த மாதங்களுக்கு ஒரு பைசா கூட இல்லை. ஒப்பந்ததாரருக்குக் கால நீட்டிப்பு கிடைக்கிறது. வாடகைக்காரருக்குக் கடன்தான் நீள்கிறது. தொகை மாதாமாதம் வர வேண்டும், சாவி கையில் கிடைக்கும் நாள்வரை வர வேண்டும். இதைக் கருணை என்று அழைப்பதையும் நிறுத்த வேண்டும்.

அடுத்தது பயனாளி பங்களிப்பு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 1.5 லட்சம். மாநில அரசும் தருகிறது. மிச்சம் குடியிருப்பவர் தலையில். ஏற்கெனவே ஒதுக்கீடு பெற்று, ஆண்டுக்கணக்கில் தவணை கட்டியவர், தன் இடத்துக்கே திரும்ப மறுபடியும் பணம் கட்டுவது எந்த நியாயம்? அப்படிக் கட்டிய வீட்டின் தரத்தைப் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பு காட்டியது. 2021 ஆகஸ்டில், புதுச் சுவரைக் கையால் தேய்த்ததும் பூச்சு மணலாக உதிர்ந்தது. ஊர் முழுக்க அந்தக் காட்சி பரவிய பிறகே ஐஐடி வல்லுநர்கள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டார்கள். குடிபுகுவதற்கு முன் நடக்க வேண்டிய சோதனை, குடிபுகுந்தவர்கள் கூச்சலிட்ட பிறகு நடந்தது.

யாருக்கு வீடு என்று முடிவுசெய்யும் கணக்கெடுப்பில்தான் பெரிய இழப்பு நடக்கிறது, சத்தமில்லாமல். ஒதுக்கீட்டு ஆணை இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். ஒரே கதவுக்குள் தாத்தாவின் இரண்டு மகன்களும் அவர்களின் பிள்ளைகளும் திரைச்சீலை கட்டிக் குடும்பம் நடத்துவார்கள். பதிவேட்டில் ஒரு கதவுக்கு ஒரு வீடு; கிடைப்பது 30 சதுர மீட்டர், அதாவது சுமார் 323 சதுர அடி. இன்னொரு மகன் எங்கே போவான்? கைமாறி வாங்கியவர் கதை இன்னும் சிக்கல்: இருபது வருடம் மின்கட்டணம் கட்டிய ரசீது இருக்கும், ஆணையில் பெயர் இருக்காது. எடுத்த கணக்கைச் சுவரில் ஒட்டி, ஆட்சேபத்துக்கு அவகாசம் கொடுத்து, ரேஷன் கார்டையும் ரசீதையும் சான்றாக ஏற்றால் இதில் பாதி தீரும்.

வீடு மட்டும் குடியிருப்பு ஆகாது. வீட்டைக் கட்டுவது வாரியம், தண்ணீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, தெருவும் குப்பையும் மாநகராட்சி, அங்கன்வாடி வேறு துறை, ரேஷன் கடை மற்றொரு துறை. ஆளுக்கொரு கோப்பு, எந்தக் கோப்பிலும் மீன் விற்கும் அம்மாவின் ஐஸ் பெட்டி இல்லை. அவர் எட்டாவது மாடியில் வீடு பெற்றால் அந்தப் பெட்டியை எங்கே வைப்பார்? தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவார்? லிஃப்ட் பழுதானால் பழுதுபார்க்கும் பணம் யாருடையது? தரைத்தளத்தில் அங்கன்வாடி, நூலகம், சமுதாயக் கூடம், தள்ளுவண்டி நிறுத்தும் இடம், சிறு கடைகள் ஆகியவை வரைபடத்திலேயே வர வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்ட இடம் கட்டி முடிந்ததும் வாகன நிறுத்தமாகிவிடும்.

இவற்றையெல்லாம் கேட்க இடம் உண்டு. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், குடிசைப் பகுதி மேம்பாட்டை நகர உள்ளாட்சிகளின் பணிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் கூடத் தொடங்கின. தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுக்க மட்டுமா அந்தச் சபை? லண்டனில் 2018 ஜூலை முதல், சமூக வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேற்பட்ட புதிய வீடுகள் கட்டும் திட்டம் மேயரின் நிதி கேட்டால், குடியிருப்போர் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கேயும் அது சும்மா வரவில்லை. பல குடியிருப்புகளை இழந்து, போராடிய பிறகு வந்தது. இங்கே கேட்பது அதைவிடச் சிறியது. திரும்பி வரும் குடும்பங்களின் பட்டியல், மாத வாடகைத் தொகை, ஒப்படைக்கும் தேதி, தரைத்தள வரைபடம் நான்கும் வாரியத்தின் முத்திரையோடு பகுதி சபையில் வைக்கப்பட வேண்டும். கவுன்சிலர் முன்னிலையில் வாக்கெடுப்பு நடக்க வேண்டும். அதன் பிறகு ஜேசிபி உள்ளே வரலாம்.