ஒலி செல்லும் வழியும் ஒழுங்கும்

தில்லி மாநகரின் கரோல் பாக் தமிழர்க்குப் புதிய இடமன்று. அலுவலின் பொருட்டுத் தென்னாட்டினின்று வந்த குடும்பங்கள் பல அங்கே தலைமுறைகளாக வாழ்ந்து வந்திருக்கின்றன. அருகிலுள்ள பூசா சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று நடைபெறுகிறது. பிறந்த மண்ணை விட்டு வந்தோர் தம்முடன் கொணர்ந்த செல்வங்களுள் தலைசிறந்தது இசை. வீணையும் வயலினும் பயின்ற இல்லங்களில் இன்று மின்கிட்டாரும் இடம்பெறுவதைக் காண்கிறோம். இதைக் கண்டு பெரியோர் சிலர், "நம் இசை இந்த இரைச்சலில் அழிந்துவிடுமோ?" என்று கவலையுறுகின்றனர். அக்கவலைக்குரிய விடை கிட்டாரில் இல்லை. கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே உள்ள பெட்டிகளின் வரிசையில் இருக்கிறது. அவ்வரிசையைப் பற்றியே இன்று ஆராயப் புகுகிறோம்.

காலால் மிதித்து இயக்கும் இச்சிறு பெட்டிகளைப் 'பெடல்' என்பர். மின்கிட்டாரின் உருக்குக் கம்பி அதிரும்போது, அதனடியில் காந்தத்தைச் சுற்றி அமைந்த கம்பிச்சுருளில் மிக மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. பெடல் அம்மின்னோட்டத்தை ஏற்று, உருமாற்றி, அடுத்த பெட்டிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு முன்னுள்ளது கொடுத்ததையே பெறுகிறது. கிட்டாரின் மூல ஒலியை அது அறியாது. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால் எஞ்சியன யாவும் தாமே விளங்கும்.

நம் வீட்டுச் சமையலறையில் தாளிப்பதை எண்ணிப் பார்ப்போம். எண்ணெய் காய்ந்தபின் கடுகு. அது வெடித்தபின் உளுத்தம்பருப்பு. பருப்பு சிவந்தபின் கறிவேப்பிலை. பொருள்கள் அவையே, அளவும் அதுவே. எனினும் வரிசையை மாற்றினால் பருப்புக் கருகும், கடுகு வெடிக்காது. பெடல்களின் நிலையும் இத்தகையதே.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 'டிஸ்டார்ஷன்' என்பது ஒலியலையின் முகடுகளை வெட்டிக் கரகரப்பூட்டும் பெட்டி. 'ரிவெர்ப்' என்பது பெரிய மண்டபத்தில் எழும் எதிரொலிப்பைத் தருவது. டிஸ்டார்ஷனை முன்னும் ரிவெர்ப்பைப் பின்னும் வைத்தால், கரகரத்த ஒலி ஒரு மண்டபத்தில் முழங்குவது போலக் கேட்கும். மாற்றி வைத்தாலோ, மண்டபத்தின் முழக்கமே வெட்டுண்டு கரகரக்கும். சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிச் சேறாகும். பெட்டிகள் இரண்டே, இடம் மாறியதால் பயன் முற்றிலும் வேறாயிற்று.

பொதுவாகக் கைக்கொள்ளப்படும் வரிசையையும் அதன் காரணங்களையும் காண்போம். முதலில் 'டியூனர்', சுருதியை அளக்க அதற்குத் தூய ஒலி வேண்டும். அடுத்துக் 'கம்ப்ரஸர்', உரத்த ஒலியை அடக்கி மெல்லொலியை உயர்த்தும் இதனை டிஸ்டார்ஷனுக்குப் பின் வைத்தால், அங்கு எழும் இரைச்சலையும் சேர்த்து உயர்த்திவிடும். வாய் திறந்து மூடுவது போன்ற ஒலி தரும் 'வா-வா'வும் பெரும்பாலும் முன்பகுதியில் அமையும். பின்னர் டிஸ்டார்ஷன். அதன்பின் 'கோரஸ்' முதலிய அசைவூட்டும் பெட்டிகள். இறுதியில் எதிரொலி தரும் 'டிலே'யும் ரிவெர்ப்பும். ஒலிபெருக்கியிலேயே கரகரப்பை உண்டாக்குவோர், இவ்விரண்டையும் அதன் பின்புறமுள்ள 'சென்ட்', 'ரிட்டர்ன்' துளைகளின் வழியே இணைப்பது நன்று. அப்போதுதான் எதிரொலி கரகரப்புக்குப் பின்னால் அமையும்.

ஒலியளவை மாற்றும் 'வால்யூம்' பெடலுக்கு இடம் ஒன்றன்று. டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால், காலைத் தளர்த்தும்போது கரகரப்பே குறைந்து ஒலி தெளியும். பின் வைத்தால், தன்மை மாறாது அளவு மட்டுமே குறையும். டிலேக்கு முன் வைத்தால், ஒலியை அடக்கியபின்னும் பழைய எதிரொலி மெல்ல ஒலித்து அடங்கும்.

இவ்வரிசை மீறக்கூடாத சட்டமன்று. 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் விழாவில் வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ், முதலில் வா-வா, அடுத்து 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் கரகரப்புப் பெட்டி, அதன்பின் ஒலியைச் சுழலச் செய்யும் 'யூனி-வைப்', முடிவில் மார்ஷல் ஒலிபெருக்கி என்று அமைத்திருந்தார். கரகரப்பால் செழித்த ஒலியைச் சுழற்றியதே அதன் நயம். ஃபஸ் ஃபேஸ் இரண்டே டிரான்சிஸ்டர்களைக் கொண்ட எளிய கருவி. கிட்டாரின் கம்பிச்சுருளோடு நேரே இணையும்போதே அது இனிது இயங்கும். மின்னோட்டத்திற்கு வலுவூட்டும் 'பஃபர்' பெட்டியை அதற்கு முன் வைத்தால் ஓசை கூர்ந்து காதைக் குத்தும். ஆதலால் அத்தகைய கருவியை உடையோர், டியூனரையே அதற்குப் பின் தள்ளுவதும் உண்டு. காரணம் அறிந்து மீறுவது கலை. அறியாது மீறுவது குழப்பம்.

இனி நம் இசைக்கு வருவோம். கர்நாடக இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. மின்கருவியில் கமகம் நிற்குமா என்ற ஐயத்தைத் தம் வாசிப்பால் தீர்த்தவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). இரட்டைக் கம்பிகளை நீக்கி, ஐந்து தனிக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினில் அவர் இராகங்களை முழுமையாக இசைத்தார். கிட்டாரில் ஆர். பிரசன்னா அதே வழியில் நடந்து வருகிறார். கருவி மின்சாரத்தால் இயங்குவது குற்றமன்று என்பதற்கு இவர்களே சான்று.

கிட்டார்க் கம்பியை இழுத்து அசைக்கையில், மீட்டிய ஒலி விரைவில் தேய்கிறது. அசைவின் கடைப்பகுதி கேளாமற் போகிறது. அங்கே கம்ப்ரஸர் துணைசெய்யும். ஆனால் அளவு மிகுமாயின், மீட்டலின் அழுத்தமும் மென்மையும் ஒன்றாகி வாசிப்பு உயிரற்றதாகும். டிலேயில் பின்னும் எச்சரிக்கை வேண்டும். தோடியின் காந்தாரத்தை அசைக்கும்போது, முன் அசைவின் எதிரொலி பின் அசைவின்மேல் விழுந்தால் கமகம் கலங்கும். எதிரொலியின் அளவைக் குறைத்து, வரிசையின் கடைசியில் வைப்பதே தக்கது.

மற்றொன்று: சுருதிப்பெட்டியின் ஒலியை இவ்வரிசைக்குள் செலுத்தலாகாது. இரு சுரங்கள் சேர்ந்து டிஸ்டார்ஷனுட் புகும்போது, அவற்றின் கூட்டலாலும் கழித்தலாலும் புதிய ஒலிகள் பிறக்கின்றன. சட்சமும் பஞ்சமமும் ஒருவாறு பொருந்தும். ஏனைய சுரங்கள் சுருதியோடு சேர்ந்து முரணொலிகளை எழுப்பும். சுருதி தனிவழியே, தனி ஒலிபெருக்கியில் ஒலிக்கட்டும்.

மின்சாரத்தின் ஒழுங்கையும் மறத்தலாகாது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். செருகியின் நடுமுனை எதிர்மின்னாக இருத்தல் வழக்கம். வீட்டுக் கருவிகளுக்குரிய அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை நேர்மின்னாக இருக்கும். கரோல் பாக்கின் கஃபார் சந்தை கைப்பேசிகளுக்கும் மின்பொருள்களுக்கும் பேர்பெற்றது. அங்கோ வேறெங்கோ அடாப்டர் வாங்குவோர், விலையை நோக்குமுன் அதன்மேல் அச்சிட்ட முனைக்குறியை நோக்குக; மாறிச் செருகினால் பெட்டி பழுதாகக் கூடும். ஒலிபெருக்கியின் மூன்று முனைச் செருகியில் நிலத்தொடர்பு முனையை நீக்குவதோ இன்னும் கொடியது. 1972-ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் லெஸ்லி ஹார்வி என்னும் கிட்டார்க் கலைஞர், முறையான நிலத்தொடர்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர் துறந்தார். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துதல் பெற்றோர் கடன்.

முடிவாக ஒரு முறையைச் சொல்வோம். முதல் நாள் பெட்டி எதுவுமின்றி, கிட்டாரை ஒலிபெருக்கியோடு நேரே இணைத்து, அறிந்த வர்ணம் ஒன்றை வாசிக்கவேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் சேர்த்து, அதே வர்ணத்தை வாசிக்கவேண்டும். கமகம் முன்போல் தெளிவாகக் கேட்கிறதா என்பதே உரைகல். கேளாவிடின் புதியது வாங்க விரையாமல், இருக்கும் இரண்டை இடம் மாற்றிப் பார்க்கலாம். அதற்குக் காசு வேண்டுவதில்லை. வீட்டில் இசையறிந்த பாட்டியோ தாத்தாவோ இருப்பின், அவர்களையும் அருகே அமர்த்திக் கேட்கச் சொல்வது நன்று. பெட்டிகளின் பெயர் அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். காந்தாரம் தன் இடத்தில் நிற்கிறதா என்பதை அவர்கள் செவி தவறாமல் சொல்லிவிடும்.