லூபஸ்: இந்த வியாதியை அறிந்துகொள்வோம்

(பங்காளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். மாதக்கணக்கில் மூட்டுவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். முடி கொத்தாய்க் கொட்டுகிறது. வெயிலில் நடந்தால் இரு கன்னங்களும் பட்டாம்பூச்சி இறகு விரித்தாற்போல் சிவக்கின்றன. ஒருவர் காசநோய் என்கிறார். இன்னொருவர் குஷ்டம் என்று ஒதுங்குகிறார். அது லூபஸாக இருக்கலாம்.

இது தொற்றுவியாதி அல்ல, சாபமும் அல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே சொந்த உறுப்புகளைத் தாக்குகிறது. பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தொடங்கும்.

ஏ.என்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை முதற்படி. சுகமாயிருக்கும் சிலருக்கும் அது பாசிட்டிவ் என்று வருவதால், டாக்டர் அறிகுறிகளையும் வேறு சோதனைகளையும் சேர்த்தே முடிவு செய்வார். சிறுநீர்ப் பரிசோதனை மிக முக்கியம். சிறுநீரகம் வலியில்லாமலே கெட்டுவிடும். சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ தாமதிக்கக் கூடாது.

அஸ்திவார மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோக்வின். 2020-ல் கொரோனாவுக்கென்று பலரும் அதை வாங்கியபோது லூபஸ் நோயாளிகள் தவித்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர்கள் கண் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். வியாதி தீவிரமானால் ஸ்டீராய்டும், சிறுநீரகம் பாதித்தால் வேறு வலிய மருந்துகளும் தருவார்கள். அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்கலாம்.

சற்று நலமானதும், அல்லது ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய் வந்ததும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஜெபிக்கிற நானே சொல்லுகிறேன்: ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. லூக்காவும் வைத்தியர்தானே!

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கான வாதநோய்ப் பிரிவு உண்டு. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மின்சார ரயிலிலேயே போகலாம். ஆனாலும் போகிற அன்றைய கூலி போய்விடும். அதற்குப் பயந்தே பலர் போவதில்லை. உங்கள் காணிக்கை அந்தப் பயணச் செலவையும் மாத மாத்திரையையும் தாங்கட்டும்.

பணத்தோடு இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் சபையில் இப்படி ஒரு மகள் இருந்தால், திருமணமும் பிள்ளைப்பேறும் அவளுக்கு இல்லையென்று தீர்ப்பெழுதாதீர்கள். வியாதி 6 மாதமாவது அடங்கியிருந்து, டாக்டர் ஆலோசனைப்படி மருந்தை மாற்றிக்கொண்டு கருவுற்றவர்களில் பலர் நல்ல பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள். அவள் பக்கத்தில் உட்காருங்கள். மாத்திரை சாப்பிட்டாயா அம்மா என்று கேளுங்கள். அதுவும் ஊழியமே.