தவளை, தேரைகளின் விந்தணுக்கள்



மழைக்காலத்தில் ஏரிக்கரையில் தவளைகள் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். நீரில் மிதக்கும் முட்டைத் திரளையும் கண்டிருக்கிறோம். அம்முட்டைகளைக் கருவுறச் செய்யும் விந்தணு எவ்வாறு உருவாகிறது, அதன் அமைப்பு யாது என்பதை இன்று காண்போம்.

ஆண் தவளையின் சிறுநீரகங்களை ஒட்டி இரு விந்தகங்கள் உள்ளன. அவற்றினுள் நுண்குழல்கள் நிறைந்திருக்கின்றன. அக்குழல்களில், செர்டோலி செல்கள் சூழ்ந்த சிறுசிறு கூடுகள் உண்டு. ஒரு கூட்டிலுள்ள செல்கள் யாவும் ஒரே நிலையில் சேர்ந்து வளர்கின்றன. மூலச் செல்கள் பலமுறை பிரிந்து பெருகியபின், ஒவ்வொன்றும் குன்றல் பிரிவு எனும் இருகட்டப் பிரிவினால் நான்கு செல்களாகிறது. அப்போது குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகிறது. நம் வயல்களில் வாழும் பெருந்தவளைக்கு 26 குரோமோசோம்கள். அதன் விந்தணுவிற்கு 13. வீட்டோரத் தேரைக்கு 22. அதன் விந்தணுவிற்கு 11. மறுபாதியை முட்டை தருகிறது. தந்தை வழி உயர்ந்தது, தாய் வழி தாழ்ந்தது என்ற கணக்கு இயற்கையிடம் இல்லை.

பிரிந்த செல் முதலில் உருண்டையாக இருக்கிறது. அதன் உட்கரு செறிந்து நீண்டு தலையாகிறது. கோல்ஜி உறுப்பிலிருந்து, முட்டையைத் துளைக்க உதவும் அக்ரோசோம் எனும் முனைத்தொப்பி தோன்றுகிறது. சென்ட்ரியோலிலிருந்து வால் வளர்கிறது. மிகுதியான சைட்டோபிளாசம் உதிர்ந்துவிடுகிறது. வாலின் நடுவில் இரு நுண்குழாய்களும், சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழாய்களும் உள்ளன. தேரையின் வாலில் இவற்றோடு தாங்கும் இழையும் அலைச்சவ்வும் உண்டு. நம் வயல் தவளையினத்தில் அச்சவ்வு இல்லை. விந்தகத்தில் அசையாதிருக்கும் விந்தணு, உடல்நீரினும் செறிவு குறைந்த குளத்துநீரை அடைந்ததும் நீந்தத் தொடங்குகிறது.

இவ்வுண்மை எளிதில் ஏற்கப்படவில்லை. இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி ஆண் தவளைகளுக்குக் காற்சட்டை அணிவித்துச் சோதித்தார், முட்டைகள் கருவுறவில்லை. விந்துநீரைத் தாளில் வடிகட்டினார். வடிந்த நீர் பயனற்றுப் போயிற்று, தாளில் தங்கியதே கருவுறச் செய்தது. ஆயினும், விந்தணுக்களுக்கு இதில் பங்கில்லை என்றே 1780-இல் எழுதினார். முன்பே மனத்தில் ஊன்றிய கருத்து, கையிலிருந்த சான்றை மறைத்துவிட்டது. 1824-இல் பிரெவோவும் டூமாவும் தவளைகளிடத்தில் மீண்டும் சோதித்து, விந்தணுவே காரணம் எனக் காட்டினர்.

விந்தணுக்களை 1677-இல் நுண்ணோக்கியில் கண்டு உலகிற்கு அறிவித்த லீவன்ஹூக்கோ, ஹாலந்து நாட்டுத் துணி வணிகர், பல்கலைக்கழகம் காணாதவர், அந்நாளைய அறிஞர் மொழியாகிய லத்தீனை அறியாதவர். பட்டம் பெற்ற பேரறிஞரும் தவறலாம். பொறுமையோடு உற்று நோக்கும் எவரும் உண்மையைக் காணலாம்.

இளைஞர்களே, தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டவர்கள் நாம். இன்று ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்திருக்கையில் பின்வரிசையில் ஒதுங்கி நிற்பது தகாது. பாடத்தை மனப்பாடம் செய்வதோடு அமையாது, நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நம் கண்ணாலேயே காண்போம். கண்டதை அஞ்சாது உரைப்போம்.